வெற்றிலைப் புகையிலையை விடும்போது வரும் நமநமப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் பல் மருத்துவப் பிரிவில், புகையிலையை விட வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. பீடி, சிகரெட்டை விட நினைப்பவருக்குத் தமிழில் படிக்க ஏதாவது கிடைத்துவிடுகிறது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவருக்கும், ஹான்ஸ் பாக்கெட் புகையிலையை உதட்டுக்குள் அடக்குகிறவருக்கும், பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவாவை மெல்லுகிறவருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், இந்தியாவில் வயது வந்தவர்களில் புகைக்கிறவர்கள் 10.7 சதவீதம்; வாயிலும் மூக்கிலும் போடுகிறவர்கள் 21.4 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

என் அம்மாவும் அந்தக் கணக்கில் இருந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் புகையிலை போட்டுவிட்டு 58 வயதில் விட்டார். அவரிடம் கண்டதையும், வேலையில் அன்றாடம் கேட்பதையும் சேர்த்து எழுதுகிறேன். கேள்விகளைக் கூடுமானவரை கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

கேள்வி: வாயில் போடுவதுதானே, சிகரெட் மாதிரி நெஞ்சுக்குள் போகவில்லையே. பிறகு ஏன் விட முடியவில்லை?

இரண்டிலும் ஆளைப் பிடித்து வைப்பது ஒரே பொருள்: நிகோடின். சிகரெட்டில் அது நுரையீரல் வழியாக நொடிகளில் மூளைக்கு ஏறும், சீக்கிரம் இறங்கும். புகையிலையைக் கன்னத்தில் அடக்கினால் மெதுவாக ஏறி வெகுநேரம் நிற்கும். நாள் முழுக்க ஐந்தாறு தடவை போடுகிறவரின் ரத்தத்தில் நிகோடின் அளவு, தொடர்ந்து சிகரெட் பிடிப்பவரின் அளவுக்குக் குறைந்ததாக இருக்காது.

இதில் சுண்ணாம்பின் பங்கு பலருக்குத் தெரியாது. சுண்ணாம்பு வாய்க்குள் காரத்தன்மையைக் கூட்டுகிறது. கூடும்போது நிகோடின் கன்னத்துச் சதை வழியாக எளிதாக ரத்தத்தில் கலக்கிறது. "சுண்ணாம்பு தடவலேன்னா பிடிக்கலை" என்று சொல்வார்களே, அது வெறும் ருசிப் பேச்சு இல்லை. சுண்ணாம்பு குறைந்தால் நிகோடின் குறைகிறது. மூளை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

நிகோடின் உள்ளே போன இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். பாதியானதும் மூளை அடுத்ததைக் கேட்கும். வாய் நமநமக்கும், கை மடியைத் தேடும். உங்கள் மனசு பலவீனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வருஷக்கணக்காக ஒரு பொருளோடு பழகிய மூளை, அது இல்லாமல் இருக்கத் திரும்பப் பழகுகிறது. அந்தப் பழக்கத்துக்கு நாள் வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: எத்தனை நாளைக்குத்தான் இந்த அவஸ்தை?

கடைசியாகப் போட்ட சில மணி நேரத்திலேயே ஆரம்பிக்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சம். தலைவலி, எரிச்சல், ஒரு இடத்தில் உட்கார முடியாத பரபரப்பு, எதிலும் கவனம் நிற்காமை, அழுகை, பசி எல்லாம் அந்த நாள்களில் சேர்ந்து வரும். ஒரு வாரம் ஓடிவிட்டால் உடம்பு கொஞ்சம் அடங்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பகுதி ஓய்ந்துவிடும். பசி மட்டும் இன்னும் சில வாரம் கூடுதலாக நீடிக்கலாம்.

திடீரென்று ஒரு வாய் போட்டால் தேவலை என்று தோன்றும் ஏக்கம் வேறு கணக்கு. அது மாதக்கணக்கில், பழைய இடத்தையோ ஆளையோ வாசனையையோ கண்டால் வரும். ஆனால் வந்தால் சில நிமிஷத்தில் போய்விடும்.

இந்தக் கணக்கை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குகிறவர் மூன்றாம் நாள் பயப்படுவதில்லை. தெரியாதவர்தான் "மூணு நாளைக்கே இப்படின்னா வாழ்நாளெல்லாம் எப்படி" என்று மலைத்துப்போய் நான்காம் நாள் கடைக்குப் போகிறார். இன்னும் ஒருநாள் பொறுத்திருந்தால் இறங்குமுகம். என்னிடம் வருகிறவர்களில் இப்படி விளிம்பில் திரும்பிப் போனவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

கேள்வி: ஒரேயடியாக விடுவதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா?

இரண்டு வழியிலும் விட்டவர்கள் இருக்கிறார்கள். குறைக்கிற வழியில் ஒரு பள்ளம் உண்டு. எட்டு தடவையை நான்காக்கியவர், ஒவ்வொன்றையும் இரண்டு மடங்கு நேரம் கன்னத்தில் வைத்துக்கொள்வார். எண்ணிக்கை குறையும், நிகோடின் குறையாது. குறைப்பதாக இருந்தால் அடக்கி வைக்கும் நேரத்தையும் சேர்த்துக் குறையுங்கள். காலையில் போடும் முதல் வாயை நாளுக்கு அரைமணி நேரம் தள்ளிப் போடுங்கள். முழுதாக நிறுத்தும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் தள்ள வேண்டாம்.

அந்தத் தேதிக்கு முந்தைய ராத்திரி வீட்டில் இருப்பது எல்லாம் வெளியேற வேண்டும். சட்டைப் பை, வண்டியின் முன்பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால், தலையணைக்கு அடியில் என்று எல்லா இடமும் பாருங்கள். "அவசரத்துக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்று வைத்ததுதான் மூன்றாம் நாள் கைக்கு வரும்.

தூங்கும்போதுகூடக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு படுப்பவர், எழுந்த அரைமணி நேரத்துக்குள் முதல் வாய் போடுபவர்: இவர்களுக்கு நிகோடின் பிடி அதிகம். இவர்கள் தனியாக முயலாமல், மருந்து உதவியோடு இறங்குவது நல்லது. அதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: நமநமப்பு வருகிற அந்த நிமிஷத்தில் என்ன செய்ய? தத்துவம் வேண்டாம், செய்கிற மாதிரி சொல்லுங்கள்.

கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிஷம் கழித்து முடிவு செய்வதாக உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். அதுவரை ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடிக்காமல் வாயில் வைத்து வைத்து விழுங்குங்கள். உட்கார்ந்திருந்தால் எழுந்திருங்கள், வீட்டுக்குள் இருந்தால் தெருவுக்கு வாருங்கள். மூக்கால் இழுத்து வாயால் மெல்ல விடுகிற மூச்சு, பத்து தடவை. பல் துலக்கினாலும் பலருக்கு நமநமப்பு அடங்குகிறது. பற்பசையின் ருசி வாயில் இருக்கும்போது புகையிலை ஒட்டாது.

இது பொதுவாக எல்லோருக்கும் சொல்வது. இதைவிட முக்கியம், உங்களுக்கு எந்த நேரத்தில் வரும் என்பதை நீங்களே எழுதி வைப்பது. விடுவதற்கு முன் இரண்டு நாள், எப்போது போட்டேன், யாரோடு இருந்தேன், எதற்குப் போட்டேன் என்று ஒரு தாளில் குறியுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளைகளிடம் சொல்லிக் குறிக்கலாம். காலையில் கழிப்பறைக்குப் போகும் முன், டீக்குப் பிறகு, மதியச் சோற்றுக்குப் பிறகு, பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், வேலை முடிந்து கைகால் கழுவியதும் என்று ஐந்தாறு இடம்தான் வரும். அந்த ஐந்தாறு இடத்துக்கும் என்ன மாற்று என்று முன்பே முடிவு செய்துவிட்டால், ஏக்கம் வரும்போது யோசிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மூளை சரியாக யோசிக்காது.

அம்மாவுக்கு மோசமான நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். நடவு வேலையில் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்ததும் சுருக்குப் பை திறக்கும். வெற்றிலையின் முதுகைச் சேலையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, ஆள்காட்டி விரல் நுனியில் சுண்ணாம்பெடுத்துத் தடவி, பாக்கை வைத்து, புகையிலையைப் பிய்த்து மடிப்பார். அந்த இரண்டு நிமிஷம்தான் அவருக்கு ஓய்வு. விட்டபிறகு வாயைவிட விரல்தான் அதிகம் தேடியது என்பார். அதனால் பையைத் தூக்கிப் போடவில்லை. சோப்புப் போட்டுத் துவைத்து, வாசனை போக இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, உப்பில் ஊறவைத்துக் காயவைத்த நெல்லிக்காயும் நாலு கிராம்பும் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். சாப்பிட்டதும் பையைத் திறந்து, ஒரு நெல்லி வற்றலைப் பிய்த்துப் பிய்த்து, அதே நிதானத்தோடு வாயில் போட்டுக்கொள்வார்.

கேள்வி: புகையிலையை விட்டுவிட்டு, வெறும் வெற்றிலை பாக்கு போடலாமா? பாக்கெட் பாக்கு?

பாக்கு வேண்டாம். பாக்கிலும் மூளையைப் பழக்கும் பொருள் இருக்கிறது. அது மட்டுமில்லை, புகையிலை சேராத பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. வாய் இறுகித் திறக்க முடியாமல் போகும் நோய்க்கு முக்கியக் காரணமும் பாக்குதான். "புகையிலை இல்லாதது" என்று அச்சடித்த பான் மசாலாவும் பாக்குதான்.

வெறும் வெற்றிலை பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: இலையில் குற்றமில்லை, ஆனால் முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். இலை நாக்கில் பட்டதும் மற்ற மூன்றையும் வாய் கேட்கும்.

போடக்கூடியவை: சோம்பு, ஏலக்காய், கிராம்பு, ஒரு துண்டு சுக்கு, நெல்லி வற்றல், கேரட், வெள்ளரி, கொய்யாக்காய், பொரிகடலை. மிட்டாய் மட்டும் நாள் முழுக்கச் சப்ப வேண்டாம். ஏற்கெனவே பழுதான பல் இன்னும் கெடும். பீடிக்கோ மூக்குப்பொடிக்கோ மாறுவது விடுவதில் சேராது.

கேள்வி: காலையில் ஒரு வாய் போட்டால்தான் எனக்கு வெளிக்கிப் போகும். விட்டால் நாலு நாளானாலும் போகாது. அதனாலேயே விட முடியவில்லை.

கூச்சப்பட்டுக்கொண்டு, எழுந்து போகும்போது கடைசியாகக் கேட்கிற கேள்வி இது. இதனாலேயே திரும்பப் போட்டவர்கள் நிறைய.

நிகோடின் குடலை முடுக்கிவிடும். பல வருஷம் அந்த முடுக்கலுக்குப் பழகிய குடல், அது இல்லாதபோது சில வாரம் மந்தமாக இருக்கும். பிறகு தன் வேகத்துக்கு வந்துவிடும். அதுவரைக்கும் உதவி செய்ய வேண்டும். விடும் தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்தே இரவில் கீரையோ காயோ கூடுதலாகச் சாப்பிடுங்கள், படுக்கும்முன் பழம். காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்ச நடை, பிறகு வழக்கமான நேரத்தில் கழிப்பறை. வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்துக்குப் போய் உட்காருங்கள். குடலுக்கு நேரம் பழகும். அப்படியும் மூன்று நாளாகப் போகவில்லை என்றால் மருந்துக் கடையில் இசப்கோல் வாங்கி நிறையத் தண்ணீரோடு குடிக்கலாம். வயிறு உப்பி வலித்தாலோ ரத்தம் போனாலோ மருத்துவரிடம் வாருங்கள்.

கேள்வி: பல்வலிக்காகத்தான் போட ஆரம்பித்தேன். விட்டதும் வலி திரும்பி வந்துவிட்டது.

வலி திரும்பி வரவில்லை, அங்கேயேதான் இருந்தது. புகையிலை மரத்துப்போக வைத்து மறைத்திருந்தது. இப்போதுதான் பல் தன் நிலையைச் சொல்கிறது. புகையிலையை விடும் வாரத்திலேயே பல் மருத்துவரைப் பாருங்கள். எடுக்க வேண்டிய பல்லை எடுத்து, சுத்தம் செய்துவிட்டால், திரும்பப் போட ஒரு காரணம் குறையும். அரசு மருத்துவமனையில் இதற்குச் செலவில்லை.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் ஹான்ஸை விட்டதிலிருந்து வீட்டில் எல்லோரையும் எரிந்து விழுகிறார். பிள்ளைகள் பக்கத்தில் போகவே பயப்படுகின்றன. இதற்கு அவர் போட்டுக்கொண்டே இருந்திருக்கலாம் போலிருக்கிறது.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள், தாயே. அவர் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருப்பார்.

மூன்றாம் நாள் என் அம்மா, குழம்பில் உப்பு குறைந்ததென்று சட்டியோடு எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு அழுதார். உப்பு சரியாகத்தான் இருந்தது. நாங்கள் பதிலுக்குப் பதில் பேசினோம், சண்டை பெரிதாகி அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். அன்று எங்களில் ஒருவருக்காவது இது நிகோடின் இறங்கும்போது வருகிற எரிச்சல், சில வாரத்தில் ஓய்ந்துவிடும் என்று தெரிந்திருந்தால் பேசாமல் இருந்திருப்போம். அம்மா அன்றைக்குத் திரும்பப் போடாதது அவருடைய உறுதி. எங்கள் உதவி அதில் துளியும் இல்லை.

ஆகவே முதல் வாரம் பணப் பேச்சு, சொந்தக்காரர் பஞ்சாயத்து, பிள்ளைகளின் மார்க் எதையும் எடுக்காதீர்கள். நாளை எண்ணிச் சொல்லுங்கள்: "இன்னையோட அஞ்சு நாள் ஆச்சு." மோப்பம் பிடிப்பது, சட்டைப் பையைச் சோதிப்பது கூடாது. முடிந்தால் அந்த வாரம் அவருக்குப் பிடித்ததைச் சமையுங்கள். விட்டபிறகு நாக்குக்கு ருசி தெரிய ஆரம்பிக்கும், பசியும் இருக்கும்.

எரிச்சல் தணிந்தபிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் சோர்ந்து கிடந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும்.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன். ராத்திரி கண் அசராமல் இருக்கத்தான் உதட்டில் வைக்கிறேன். இதை எப்படி விட?

முதல் நான்கைந்து நாளை ராத்திரி லோடு இல்லாத நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விட்ட புதிதில் கவனம் சிதறும், இரவில் தூக்கம் கெடும், பகலில் கண் சொருகும். அப்போது ஸ்டியரிங்கில் உட்காருவது உங்களுக்கும் எதிரில் வருகிறவருக்கும் ஆபத்து. பிறகு ஓட்டும்போதும், கண் அசந்தால் வண்டியை ஓரம் கட்டி இருபது நிமிஷம் தூங்குங்கள். தூக்கத்துக்கு மாற்று தூக்கம்தான். ஹான்ஸும் டீயும் அதைத் தள்ளிப் போடுகின்றன.

வீட்டில் தூக்கம் வராதவர்கள் மாலை நாலு மணிக்குமேல் காபி, டீயை நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

கேள்வி: நிகோடின் சூயிங்கம் என்கிறார்கள். நிகோடினை விட நிகோடினையே தின்பதா?

கேட்க முரண்தான். புகையிலையில் புற்றுநோய் உண்டாக்குவது அதிலுள்ள வேறு பல நச்சுகள். நிகோடின் உங்களைத் திரும்பத் திரும்ப அதனிடம் இழுத்துக்கொண்டு போவது. சூயிங்கத்தில் நச்சு இல்லை, நிகோடின் மட்டும் அளவாக இருக்கிறது. மூளைக்குக் கொஞ்சம் கொடுத்து, மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதற்கானது.

2 மில்லிகிராம் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். எழுந்த அரைமணிக்குள் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் தேவைப்படும்.

மெல்லும் முறையில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். பபிள்கம் மாதிரி தொடர்ந்து மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, நாக்கில் மிளகு போலச் சுரீர் என்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுரீர் போனதும் மறுபடி சில தடவை மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி மென்றால் ஒரு சூயிங்கம் அரைமணி நேரம் வரும். புகையிலை அடக்கிப் பழகியவருக்கு இது சுலபமாக வந்துவிடும். எச்சிலை விழுங்கிக்கொண்டே மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெல்லும் முன் பதினைந்து நிமிஷமும் மெல்லும்போதும் காபி, பழச்சாறு கூடாது. அமிலம் இருந்தால் நிகோடின் உள்ளே இறங்காது. சுண்ணாம்பு செய்ததற்கு நேர் எதிர்.

முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒருநாளில் 24ஐத் தாண்டக் கூடாது. வாய் இறுகியவர்கள், பல்செட் கட்டியவர்கள் மெல்ல முடியாது. அவர்களுக்குச் சப்பும் வில்லையோ தோலில் ஒட்டும் பட்டையோ இருக்கிறது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 18 வயதுக்குட்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம். சூயிங்கம் மென்றுகொண்டே புகையிலையும் போட்டால் குமட்டலும் தலைச்சுற்றலும் படபடப்பும் வரும்.

கேள்வி: மாத்திரை உண்டா?

உண்டு. வாரனிக்ளின் என்ற மாத்திரை வாயில் புகையிலை போடுகிறவர்களுக்கும் உதவுவதாகத் தெரிகிறது. மருத்துவர் பார்த்துத்தான் எழுத வேண்டும். புப்ரோபியான் என்று இன்னொன்று இருக்கிறது, வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. டீயில் கலந்து கொடுத்தால் ஒரே நாளில் மறக்கடிக்கும் பொடி என்று சுவரொட்டி ஒட்டி விற்பதை வாங்கி ஏமாறாதீர்கள். ஆளுக்குத் தெரியாமல் எதையும் கலந்து கொடுப்பது தப்பும்கூட.

கேள்வி: சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. விடலாமா?

கட்டாயம் விட வேண்டியவர் நீங்கள்தான். நிகோடின் இரண்டையும் ஏற்றும். விட்டபிறகு மாத்திரை அளவை மாற்ற வேண்டி வரலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு விடுங்கள், முதல் மாதம் அடிக்கடி பரிசோதியுங்கள். பசிக்கு வடையும் பஜ்ஜியுமாகப் போகாமல் சுண்டல், வெள்ளரி, மோர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று மாதம் கர்ப்பம். மசக்கைக்குப் புகையிலை போட்டால் குமட்டல் நிற்கிறது என்று மாமியார் சொல்கிறார்.

வேண்டாம்மா. வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு எடை குறையும், நாள் நிறையாமல் பிறக்கும், இறந்து பிறக்கும் ஆபத்தும் கூடுகிறது. குமட்டலுக்குப் பாதுகாப்பான மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தருவார்கள். ஏற்கெனவே பழக்கம் இருந்தால் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்று நிறுத்தினாலும் குழந்தைக்கு நல்லதுதான். மாமியாரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் பேசிப் பார்க்கிறேன் என்றுதான் என்னிடம் வரும் பெண்களிடம் சொல்வது.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகன் பையில் கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கும் சின்னப் புகையிலைப் பொட்டலம்) கிடந்தது. அடி பின்னிவிட்டேன். இப்போது பேசவே மாட்டேன் என்கிறான்.

அடித்தது ஆகிவிட்டது. இன்றிரவு பக்கத்தில் உட்கார்ந்து "எத்தனை நாளாப்பா? வைக்கலேன்னா எப்படி இருக்கு?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள், குரலை உயர்த்தாமல். சிறுவயதில் நிகோடின் சீக்கிரம் பிடிக்கும். பெரியவர் அளவுக்குப் போடாவிட்டாலும் எரிச்சலும் கவனமின்மையும் வந்துவிடும். விடுகிற வாரத்தில் அவன் படிப்பில் மந்தமாக இருந்தால் அதற்கும் திட்டாதீர்கள். நீங்கள் புகையிலை போடுகிறவராக இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே விடுங்கள். பையனுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

தமிழ்நாட்டில் 2013 மே மாதத்திலிருந்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குட்கா, பான் மசாலா, மெல்லும் புகையிலைக்குத் தடை அறிவித்து ஆண்டுதோறும் நீட்டித்து வருகிறார்கள். தடை தயாரிப்பதற்கும் வைத்திருந்து விற்பதற்கும்தான். போடுகிறவர் மேல் குற்றமில்லை. மருத்துவமனையில் உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமோ என்று பையனும் பயப்பட வேண்டாம், நீங்களும் பயப்பட வேண்டாம்.

கேள்வி: கன்னத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. காரம் பட்டால் எரிகிறது. விட்டால் சரியாகுமா?

உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக, செங்குத்தாக, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் வாய் இறுக ஆரம்பித்திருக்கிறது. சாம்பார்ச் சோறுகூட எரிகிறது என்பதும் அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று.

புகையிலை வைக்கும் இடத்தில் படிந்த வெள்ளை, விட்ட சில வாரங்களில் மறைவது உண்டு. ஆனால் மறையும் என்று நம்பி வீட்டிலேயே காத்திருக்காதீர்கள். வெள்ளையோ சிவப்போ திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கழுத்தில் கட்டி, பல் தானாக ஆடுவது எதுவானாலும் காட்ட வேண்டும். வலி இல்லையே என்பது சமாதானம் ஆகாது. வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது. சீக்கிரம் கண்டால் குணமாக்க முடிகிற நோய் இது. வலித்தபிறகு வருகிறவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

கேள்வி: நாற்பது நாள் விட்டிருந்தேன். எழவு வீட்டில் தட்டில் வைத்திருந்தார்கள், போட்டுவிட்டேன். எல்லாம் போச்சு.

ஒரு வாய் போயிருக்கிறது. நாற்பது நாள் எங்கும் போகவில்லை. அந்த நாற்பது நாளில் உங்கள் மூளை பழகியது அப்படியே இருக்கிறது. இரண்டாவது வாயைப் போடாமல் இருந்தால் போதும். "போட்டதுதான் போட்டாச்சு, பாக்கெட்டை முடிச்சிட்டு நாளைக்கு விடுவோம்" என்கிற எண்ணம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

துக்க வீடு, கோயில் கொடை, கல்யாணத் தாம்பூலம், சரக்கு இந்த நான்கும்தான் பெரும்பாலும் கவிழ்க்கிற இடங்கள். துக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. தட்டு நீட்டினால் ஒரு கிராம்பை முன்பே வாயில் போட்டுக்கொண்டு, தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிடுங்கள். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். சரக்கை மட்டும் மூன்று மாதத்துக்குத் தவிருங்கள். போதையில் எடுத்த தீர்மானம் நிற்காது.

கேள்வி: யாரிடம் உதவி கேட்பது?

1800 11 2356. புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே இந்த எண் அச்சாகியிருக்கும். திங்கள் தவிர மற்ற நாள்களில் காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கேளுங்கள். 2002இல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய 13 புகையிலை நிறுத்த மையங்களில் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் ஒன்று.

மூன்றாம் நாள் பேச ஒரு ஆளை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விட்ட ஒருவர் ஊரில் இருந்தால் அவரைவிட நல்ல ஆள் இல்லை.

கேள்வி: விட்டு ஒரு வருஷம் ஆகிறது. ராத்திரி புகையிலை போடுகிற மாதிரி கனவு வந்து திடுக்கிட்டு எழுந்திருக்கிறேன். திரும்ப ஆரம்பித்துவிடுமோ?

ஆரம்பிக்காது. விட்டவர்கள் பலருக்கும் இந்தக் கனவு வருகிறது. அம்மா விட்டு ஒன்பது வருஷமாகிறது, அவருக்கும் எப்போதாவது வரும். எழுந்து அடுப்படிக்குப் போய், வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்பி, துப்பியதை விளக்கைப் போட்டுப் பார்ப்பார். வெள்ளைத் தண்ணீர்தான் என்று தெரிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார்.